வெற்றித்தூணின் பொன்னும் கல்லும்

வெற்றிச் சின்னம் என்பது கல்லாலும் உலோகத்தாலும் ஆன ஒரு கட்டடம். அதனைக் கண்டு வியப்பதும், கண்டதற்குச் சான்றாக ஒரு நிழற்படம் எடுத்துக்கொள்வதும் பயணிக்குரிய எளிய இன்பங்கள். அவ்வின்பத்திலே வரலாற்றையும் அறத்தையும் புகுத்துவது வேண்டாத வேலை. இவ்வாறு கருதுவோர் இன்று பலராவர். மேலோட்டமாக நோக்குமிடத்து இக்கருத்துத் தீங்கற்றதாகவே தோன்றும். ஆயின் இது பிழையான கருத்து. பிழையானது மாத்திரமன்றித் தீங்கானதும் ஆகும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். போரின் வடுக்களைச் சுமக்கும் ஒரு நாட்டிலே, தமிழ்ச் சங்க மலர் ஒன்றிலே, இவ்வினாவை எழுப்புவது பொருத்தமற்றதாகாது என நம்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கு என் தமக்கையின் குடும்பம் வாழ்கின்றது. 1980களில் நம் இளைஞர் பலர் கிழக்குப் பேர்லினின் விமான நிலையத்தில் இறங்கி, எல்லையைக் கடந்து, மேற்குப் பேர்லினிற் புகலிடம் கோரிய வரலாறு வாசகர் அறிந்ததே. அவ்வாறு சென்றவருள் ஒருவரே என் தமக்கையின் கணவர். அவர்களுடைய மகன் அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன்தான் என்னைத் தியர்கார்ட்டன் என்னும் பெரும் பூங்காவின் நடுவே, ஐந்து வீதிகள் கூடும் வட்டத்தில் நிற்கும் வெற்றித்தூணைக் காண அழைத்துச் சென்றான்.

ஏறத்தாழ 67 மீற்றர் உயரமான தூண். அதன் உச்சியிலே சிறகு விரித்து, கையிலே வாகை மாலை ஏந்தி, முழுவதும் பொன்முலாம் பூசப்பட்ட வெற்றித் திருமகள் நிற்கின்றாள். அவள் உயரம் எட்டு மீற்றருக்கு மேல். நிறை 35 தொன். பேர்லின் மக்கள் அவளைச் செல்லமாகப் 'பொன் எல்சே' என்று அழைப்பர். எங்களைச் சூழ நின்ற பயணிகளுட் பலர் ஒரே வகையான படத்தையே எடுத்துக்கொண்டிருந்தனர். ஒருவர் அகன்ற வீதியின் ஓரத்திலே நின்று உள்ளங்கையை விரிப்பார். மற்றவர் சற்றுத் தள்ளி நின்று, அப்பொற்பாவை அக்கையின் மீது நிற்பதுபோலத் தோன்றுமாறு படம் பிடிப்பார். என் மருமகனும் அவ்வாறே கையை விரித்தான். நானோ தூணின் அடியிற் பதிக்கப்பட்டிருந்த வெண்கலப் புடைப்புச் சிற்பங்களிலே மனம் பறிகொடுத்து, அவனை மறந்துவிட்டேன். பொறுமையிழந்த அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: “மாமா, படம் எடுக்க வந்த இடத்திலை பாடம் எதுக்கு?”

அன்று நானும் சிரித்தேன், விடை சொல்லவில்லை. அவனுடைய வினாவோ அவனுக்கு மட்டும் உரியதன்று. உலகின் தலைநகரங்களுக்குச் செல்லும் கோடிக்கணக்கான மக்களின் உள்ளத்திலே கேட்கப்படாமல் கிடக்கும் வினா அது. ஆகவே அதற்குரிய விடையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

முதலில், அத்தூண் யாது என்பதை நோக்குவோம். 1864இல் பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் ஒன்றிணைந்து டென்மார்க்கைத் தோற்கடித்தன. அவ்வெற்றியின் நினைவாகவே தூண் எழுப்பத் தீர்மானிக்கப்பட்டது. தூண் முடியுமுன்னரே, 1866இல், பிரஷ்யா தன் நேற்றைய நண்பனாகிய ஒஸ்திரியாவோடு போரிட்டு வென்றது. அதன் பின்னர், 1870-71இல், பிரான்சோடு பொருதது. ஒரு வெற்றிக்கெனத் திட்டமிட்ட தூண் இவ்வாறு மூன்று வெற்றிகளின் சின்னமாயிற்று. பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் செடான் போர்க்களத்திற் சரணடைந்த நாளின் நினைவாக, 1873 செப்டெம்பர் 2ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. தூணைச் சுற்றி அடுக்கடுக்காகப் பொன்முலாம் பூசிய குழாய்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தூரத்திலிருந்து நோக்குவோருக்கு அவை அழகிய அலங்கார வேலைப்பாடாகவே தோன்றும். அவை தோற்றவரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிக் குழாய்கள். டேனியரின் பீரங்கிகளுக்கு அண்மையிலேயே, டேனியரை வெல்லத் துணைநின்ற ஒஸ்திரியரின் பீரங்கிகளும் தொங்குகின்றன. இரண்டே ஆண்டுகளில் வென்றவன் வரிசையிலிருந்து தோற்றவன் வரிசைக்கு இறங்கிய ஒரு நாட்டின் கதையை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது. கையை விரித்து நிற்கும் பயணியின் படத்தில் இக்கதை இல்லை. பொன் மாத்திரமே உண்டு.

இனி, நிழற்படம் தீங்கற்றது என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிற்பத்தையோ ஓவியத்தையோ போலன்றி, வெற்றிச் சின்னம் பார்ப்போரின் நிலையை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு எழுப்பப்படுவது. எங்கு நின்று நோக்க வேண்டும், எவ்வளவு அண்ணாந்து நோக்க வேண்டும், நோக்குபவன் தன்னை எவ்வளவு சிறியவனாக உணர வேண்டும் என்பனவெல்லாம் கட்டியவனின் கணக்கிலே அடங்கும். பேர்லின் தூணின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அது முதலில் இன்றைய இடத்தில் நிற்கவில்லை. இன்று பாராளுமன்றக் கட்டடம் இருக்கும் இடத்துக்கு முன்னாலிருந்த சதுக்கத்திலேயே நின்றது. 1938-39இல், ஹிட்லரின் கட்டடக் கலைஞரான ஆல்பேட் ஸ்பியர் தலைநகரை உலகப் பேரரசொன்றின் தலைநகராக மாற்றியமைக்கும் திட்டத்தின்கீழ், தூணைப் பெயர்த்து இன்றைய வட்டத்தில் நிறுத்தினார். அதன் உயரம் போதாதெனக் கருதி மேலும் ஒரு கட்டுச் சேர்க்கப்பட்டது. அதனை நோக்கிச் செல்லும் வீதி அகலமாக்கப்பட்டது. 1939 ஏப்ரல் 20ஆம் நாள், ஹிட்லரின் ஐம்பதாவது பிறந்த நாளன்று, அவ்வீதியிலே மாபெரும் படை அணிவகுப்பு நடைபெற்றது. ஐந்தே மாதங்களில் உலகப் போர் தொடங்கியது.

அகன்ற வீதி ஓரத்திலே நின்று, தூணை நடுவில் வைத்து, வானத்தைப் பின்னணியாகக் கொண்டு இன்று பயணி எடுக்கும் படத்தின் கோணம் எவருடையது? அது பயணியின் கோணமன்று. அணிவகுப்பைக் காண்போருக்கென ஸ்பியர் வரைந்துவைத்த கோணம். பயணி விரும்பி எடுத்ததாக எண்ணும் படத்தை அவனுக்கு முன்னரே வேறொருவர் எடுத்துவிட்டார். பயணி விசையை அழுத்துகிறான், அவ்வளவே. நாடகத்தில் மேடையமைப்பை அறியாத நடிகன் தன் விருப்பப்படியே நடப்பதாக எண்ணலாம். ஆயினும் அவன் நிற்கும் இடமும் திரும்பும் திசையும் அவனுடையனவல்ல. ஒவ்வொரு படமும் அச்சின்னத்தை மீண்டும் ஒருமுறை திறந்துவைக்கின்றது என்பது மிகையன்று.

இவ்விடத்தில் மற்றுமொரு செய்தியைக் கருத்திற்கொள்ள வேண்டும். அதே நகரில், அதே வீதியிலே கிழக்கு நோக்கி ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் சென்றால் பிராண்டன்பேர்க் வாயிலை அடையலாம். அதற்கு அண்மையில், ஐரோப்பாவில் படுகொலை செய்யப்பட்ட யூதர்களுக்கான நினைவிடம் 2005இல் திறக்கப்பட்டது. சாம்பல் நிறமான 2,711 கொங்கிறீற்றுப் பாளங்கள் கொண்ட அவ்விடத்திலும் பயணிகள் பாளங்களின்மேல் ஏறித் துள்ளியும் சிரித்தும் படம் எடுத்தனர். 2017இல் கலைஞர் ஒருவர் அத்தகைய படங்களிற் சிலவற்றை எடுத்து, அவற்றின் பின்னணியில் வதைமுகாம்களின் காட்சிகளைப் பொருத்தி வெளியிட்டபோது உலகெங்கும் பெரும் விவாதம் எழுந்தது. படமெடுத்தோர் சிலர் நாணி மன்னிப்புக் கேட்டனர். துயரத்தின்முன் சிரிப்பது தகாது என்பதை உலகம் ஒருவாறு ஏற்றுக்கொண்டது. நல்லது. ஆயின், துயரத்தின்முன் சிரிப்பது தகாது என்று அறிந்த அதே உலகம், துயரத்தை விளைவித்த வெற்றியின்முன் சிரிப்பது தகும் என்று எவ்வாறு கொள்கின்றது? இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் அறம் மாறிவிடுமா?

“அது பழைய கதை, 150 ஆண்டுகள் கழிந்துவிட்டன, அப்போர்களில் மாண்டோரை அழுதோரும் மாண்டுவிட்டனர்” என்பது அடுத்த வாதம். கற்றறிந்தோரும் இதனைக் கூறக் கேட்டிருக்கின்றேன். வெற்றி அவ்வளவு எளிதிற் பழையதாவதில்லை என்பதற்கு இத்தூணின் கதையே சான்று. 1870-71 போரிலே ஜேர்மானியர் 40,000 பேருக்கு மேலும், பிரெஞ்சுக்காரர் 100,000 பேருக்கு மேலும் மாண்டனர். 1871 சனவரி 18ஆம் நாள், தோற்ற நாட்டின் மண்ணிலேயே, வேர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்திலேயே, ஜேர்மன் பேரரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. பிரான்சு ஐந்நூறு கோடி பிராங்கு தண்டம் இறுத்தது. அல்சாசையும் லொறேனின் ஒரு பகுதியையும் இழந்தது. அவமானம் மறக்கப்படவில்லை. 1919இல் அதே வேர்சாய், அதே கண்ணாடி மண்டபத்தில், தோற்ற ஜேர்மனி கையொப்பமிடுமாறு செய்யப்பட்டது. அந்த அவமானமும் மறக்கப்படவில்லை. 1918இல் ஜேர்மனியர் போர்நிறுத்தத்திற் கையொப்பமிட்ட அதே புகையிரதப் பெட்டியை வெளியே எடுப்பித்து, 1940 யூன் 22ஆம் நாள் அதனுள்ளேயே பிரான்சைக் கையொப்பமிடச் செய்தார் ஹிட்லர். ஒருவனுடைய வெற்றித்தூண் மற்றவனுடைய பிள்ளைகளுக்குப் பழிதீர்க்கக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் ஆகின்றது. வென்றவனும் தன் பிள்ளைகளுக்கு அதையே காட்டி, வெற்றி என்பது இயல்பென்று கற்பிக்கின்றான். இரு பள்ளிகளிலும் படித்தவர்கள் போர்க்களத்திற் சந்திக்கின்றனர்.

அவ்வாறாயின் இத்தகைய சின்னங்களை இடித்துவிடுவதே முறை என்பர் வேறு சிலர். இது வீரம் மிக்க விடையாகத் தோன்றினும், இதன் பயனையும் வரலாறு காட்டியுள்ளது. பாரிஸ் மாநகரிலே, வொந்தோம் சதுக்கத்தில், முதலாம் நெப்போலியன் 1810இல் ஒரு வெற்றித்தூணை நிறைவு செய்தான். அவுஸ்டர்லிட்ஸ் போரிற் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கிய வெண்கலத்தால் மூடப்பட்ட தூண் அது. 1871இல், ஜேர்மனியரிடம் தோற்ற அதே ஆண்டிலே, பாரிஸ் கொம்யூனின் மக்கள் அத்தூணைப் போர்வெறியின் சின்னமெனக் கண்டித்து, மே 16ஆம் நாள் கயிறு கட்டி வீழ்த்தினர். வீழ்ந்த தூணின்மீதும் அதன் பீடத்தின்மீதும் நின்று பெருமிதத்தோடு படம் எடுத்துக்கொண்டனர். சில நாட்களில் கொம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட அந்தப் படங்களே, அவர்களை இனங்கண்டு பிடிப்பதற்குப் பொலிசாருக்குப் பயன்பட்டன. ஓவியர் கூர்பே தூணை வீழ்த்தியதற்குப் பொறுப்பாளியாக்கப்பட்டார், சிறையிருந்தார், தூணை மீண்டும் எழுப்பும் செலவு முழுவதும் அவர் தலையிற் சுமத்தப்பட, சுவிற்சர்லாந்துக்கு ஓடி, 1877இல் அங்கேயே மாண்டார். தூணோ மீண்டும் எழுந்தது, இன்றும் நிற்கின்றது.

இடித்தவனும் படமெடுத்தான் என்பது இங்கு நினைத்தற்குரியது. வென்றவனின் பெருமிதத்தோடு இடிபாட்டின்மீது நின்றபோது, தான் இடித்த சின்னத்தின் இடத்திலே அவனே நின்றான். கல் வீழ்ந்தது, அதனை எழுப்பிய மனம் வீழவில்லை. பேர்லின் தூணையும் 1945இன் பின்னர்த் தகர்த்துவிட வேண்டும் எனப் பிரெஞ்சுத் தரப்பினர் விரும்பினர். அது நிறைவேறவில்லை. அடியிலிருந்த வெண்கலச் சிற்பங்கள் மட்டும் கழற்றிப் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1980களிலே அவற்றின் பெரும்பகுதி திரும்பி வந்தது. அவை புதியனவாக வார்க்கப்படவில்லை. சிதைந்தவை சிதைந்தவாறே பொருத்தப்பட்டன. இன்று அவற்றை அணுகி நோக்குவோர் தலையிழந்த வீரரையும், முறிந்த குதிரைகளையும், வெற்றிடமாக விடப்பட்ட பகுதிகளையும் காணலாம். கற்களிலே 1945இன் இறுதிப் போரின் குண்டு வடுக்கள் இருக்கின்றன. என் மருமகன் கையை விரித்து நின்றபோது நான் கண்டுகொண்டிருந்தவை இவையே. 1871இல் வெற்றிப் படை பேர்லினுக்குள் நுழையும் காட்சியின்மீது, 1945இல் தோல்வி நுழைந்த துளைகள்.

இத்தூணின் உண்மையான சிறப்பு இதுவே என்பது என் கருத்து. உச்சியிலுள்ள பொன் அதனை எழுப்பியவரின் கூற்று. அடியிலுள்ள துளைகள் காலம் அதற்குச் சொன்ன மறுமொழி. இரண்டையும் ஒருங்கே நிற்கவிட்ட நகரம் ஓரளவு நேர்மையுள்ள நகரம். வெட்கத்தால் இடிக்கவும் இல்லை. செருக்கால் செப்பனிட்டு மறைக்கவும் இல்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அது வலிமையானது; ஆகவே அதனைத் தவிர்த்துச் செல்லலாகாது. பேர்லின் மக்களுக்கு இன்று அத்தூண் வெற்றிச் சின்னமே அன்று. 1987இல் வெளிவந்த புகழ்பெற்ற திரைப்படமொன்றில் அதன் உச்சியிலே மனிதரின் துயருக்கு இரங்கும் தேவதூதன் அமர்ந்திருந்தான். 1990களில் இளைஞர் இலட்சக்கணக்கிற் கூடி அதன் அடியில் ஆடினர். 2008இல் பராக் ஒபாமா அதன் முன்னாலே பெருந்திரளான மக்களிடையே உரையாற்றினார். பொருள் மாறிவிட்ட சின்னத்தின்முன் ஓர் இளைஞன் கைவிரித்துச் சிரித்தால் என்ன குற்றம் என்பர். பொருள் மாறியது உண்மையே. ஆயின் அது தானாக மாறவில்லை. இரு பெருந்தோல்விகளும், தம் நாடு இழைத்த கொடுமைகளைத் தாமே பாடநூல்களில் எழுதிய ஒரு தலைமுறையின் உழைப்பும், மூடப்படாமல் விடப்பட்ட அவ்வடுக்களும் சேர்ந்தே அதனை மாற்றின. இன்று அங்கு சிரிப்பவன் அந்த உழைப்பின் பயனை நுகர்கின்றான். அந்த உழைப்பு நிகழாத நாட்டிலே அதே சிரிப்பு வேறு பொருள் தரும்.

பக்தாதை நோக்குக. ஈரானோடு எட்டாண்டுகள் நடந்த போர் 1988இல் வெற்றி தோல்வியின்றியே முடிந்தது. ஆயினும் 1989இல் சதாம் உசைன் அங்கு வெற்றி வளைவொன்றைத் திறந்துவைத்தார். அவருடைய கைகளின் அச்சிலே வார்க்கப்பட்ட இரு மாபெரும் கைகள் வாள்களை ஏந்தி நிற்க, அவற்றின் அடியிலே ஈரானியப் போர்வீரரின் தலைக்கவசங்கள் குவிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கவசத்தினுள்ளும் ஒரு தலை இருந்தது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு தாய் இருந்தாள். 2003இல் சதாமின் ஆட்சி வீழ்ந்தபின், அதே வளைவின் கீழே அமெரிக்கப் படையினர் வரிசையாக வந்து நின்று படம் எடுத்துக்கொண்டனர். வென்றவன் மாறினான், படம் மாறவில்லை. கவசங்களுக்குள் இருந்த தலைகளைப் பற்றிப் பழைய வெற்றியாளனும் கேட்கவில்லை, புதியவனும் கேட்கவில்லை.

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். வென்றவராக நாம் இருந்த காலத்திலே நாமும் இதனையே செய்தோம். 11ஆம் நூற்றாண்டிலே முதலாம் இராசாதிராச சோழன் சாளுக்கியரின் தலைநகராகிய கலியாணபுரத்தை எரியூட்டி, அங்கிருந்த துவாரபாலகர் சிலையொன்றைக் கவர்ந்து சோழநாட்டுக்குக் கொணர்ந்தான். கவர்ந்து கொணர்ந்த செய்தி அச்சிலையின் பீடத்திலேயே தமிழிற் பொறிக்கப்பட்டுள்ளது. வெட்கத்தோடு மறைக்கப்பட்ட செய்தியன்று. பெருமையோடு வெட்டப்பட்ட கல்வெட்டு. பேர்லின் தூணின் பீரங்கிகளுக்கும் இச்சிலைக்கும் கொள்கையளவில் வேறுபாடு யாது? கலைச்சிறப்பை வியந்து அச்சிலையைப் படம்பிடிக்கும் நாம், அதன் பீடத்தையும் படம்பிடிக்கின்றோமா? எரிந்த நகரத்தின் நினைவு நமக்கு எழுகின்றதா? எழவில்லையெனின், பேர்லினிற் கைவிரித்து நிற்பவனைக் கண்டிக்க நமக்கு உரிமை குறைவே.

எனினும் நம் மரபிலே மற்றுமொரு குரலும் உண்டு. வெற்றித்தூணுக்கு முற்பட்டது நடுகல். அது வென்ற மன்னனுக்கு நட்டதன்று; வீழ்ந்த வீரனுக்கு நட்டது. அவன் தன்னூர் ஆநிரை மீட்கச் சென்று மாண்ட எளிய மறவனாகவும் இருப்பான். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரையுள்ள நிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகின்றது. நடுகல்லின்முன் நிற்பவன் அண்ணாந்து பார்ப்பதில்லை, தலை குனிகின்றான். உறையூர் முற்றுகையின்போது சோழர் குடிக்குள்ளேயே நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, தோற்பவன் எவனாயினும் தோற்பது உங்கள் குடியே என இருவர் முகத்துக்கு நேரேயும் எடுத்துரைத்தவர் கோவூர்கிழார். வெற்றியைப் பாடவே எழுந்த கலிங்கத்துப்பரணிகூடப் போர்க்களத்துப் பிணங்களை மறைக்கவில்லை. பேய்கள் கூழடும் களத்தையே நமக்கு விரித்துக் காட்டுகின்றது. பரணி பாடியவனிடம் இருந்த அத்துணிவேனும் பொன்முலாம் பூசிய தூண்களுக்கு இல்லை.

ஜேர்மனியிலும் அத்தகைய குரல் ஒன்று எழாமலில்லை. பேர்லினிலே 1892இற் பிறந்த வால்ரர் பெஞ்சமின் என்னும் பேரறிஞர், தம் இளமைக்கால நினைவுகளைப் பதிவு செய்த நூலிலே இத்தூணைப் பற்றியும் எழுதியுள்ளார். சிறுவனாக இருந்தபோது தூணின் கீழ்ச்சுற்று மண்டபத்துக்குள் நுழைய அவர் அஞ்சினாராம். மேலே வெற்றி ஒளிவீச, கீழே உள்ளவை நரகத்தின் காட்சிகளாக இருக்குமோ என்று அப்பிள்ளையுள்ளம் ஐயுற்றது. பள்ளிக்கூடம் அவருக்கு வெற்றியைக் கற்பித்தது. உள்ளுணர்வு அதன் அடித்தளத்தைக் காட்டிற்று. யூதராகிய அவர் 1940இல், ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பியோடும் வழியில், ஸ்பானிய எல்லையில் உயிர்நீத்தார். அத்தூணைப் பெயர்த்து உயர்த்திய அதே ஆட்சியே அவரைத் துரத்தியது. அச்சிறுவனின் அச்சம் எவ்வளவு நேரியது!

நான் வேண்டுவது படமெடுப்பதைக் கைவிடுவதையன்று. படமெடுக்கும் இடத்தை மாற்றுக என்பதே என் வேண்டுகோள். தூரத்தே நின்று பொன்னை எடுப்பதற்குப் பதிலாக அணுகிச் சென்று கல்லை எடுங்கள். பீரங்கிக் குழாய்கள் எவருடையவை என்று கேட்டபின் எடுங்கள். சிதைந்த சிற்பத்தையும் குண்டு துளைத்த பாளத்தையும் எடுங்கள். எவரது பெயர் பொறிக்கப்பட்டுள்ளது, எவரது பெயர் விடப்பட்டுள்ளது என்பதைப் பாருங்கள். கட்டியவன் காட்ட விரும்பியதை எடுத்த படம் விளம்பரம். அவன் காட்ட விரும்பாததை எடுத்த படமே சான்று.

இவ்வளவும் தொலைவிலுள்ள நகரங்களைப் பற்றியதன்று என்பதை வாசகர் உணர்ந்திருப்பர். நம் நாட்டிலே போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன்பின் கிளிநொச்சி நகரிலே ஒரு வெற்றிச் சின்னம் எழுந்தது. சாம்பல் நிறக் கற்கட்டியொன்றை எறிகணையொன்று துளைத்துப் பிளக்க, மேலே தாமரை மலர்ந்து நிற்கும் அமைப்பு அது. தென்பகுதியிலிருந்து பேருந்துகளில் வந்தோர் அதன்முன் குடும்பமாக நின்று படம் எடுத்தனர். அவர்கள் தீயவர்கள் என்று நான் கூறேன். என் மருமகன் தீயவன் அல்லனே. ஆயின் அவர்களுடைய சட்டகத்துக்கு வெளியே, அதே வீதியாற் சந்தைக்கு நடந்து செல்லும் ஒரு தாய் இருந்தாள். பிளவுண்ட அக்கல் எவருடைய வீட்டைக் குறிக்கின்றது என்பதை அவளிடம் எவரும் கேட்கவில்லை. அக்காலத்திலேயே மாண்டோரின் துயிலுமில்லங்கள் நிரவப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலே முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்கு எழுப்பிய நினைவுத்தூபி 2021 சனவரி 8ஆம் நாள் இரவிலே இடிக்கப்பட்டது. மாணவரும் மக்களும் திரண்டு எதிர்த்தமையால் அவ்வாண்டிலேயே மீண்டும் எழுந்தது. ஒரு தரப்பாருக்கு வெற்றித்தூண். மறு தரப்பாருக்கு நடுகல்லுக்கும் இடமில்லை. இந்நிலையிலே 'அது வெறுங் கல்தானே' என்போரிடம் ஒரு வினா: வெறுங் கல்லாயின், ஒன்றை எழுப்புவதில் அத்துணை ஆர்வமும், மற்றதை இரவிலே இடிப்பதில் அத்துணை அவசரமும் ஏன்?

நான் கிளிநொச்சிச் சின்னத்தை இடிக்குமாறு கேட்கவில்லை. இடிப்பவனின் மனம் எங்கு கொண்டுபோய் விடும் என்பதை வொந்தோம் சதுக்கத்திற் கண்டோம். அதன் அருகே மாண்ட எல்லோருக்கும், சீருடை அணிந்தோர் அணியாதோர், சிங்களவர் தமிழர் முஸ்லிம்கள் என்ற பேதமின்றி, ஒரு நடுகல்லேனும் நிற்க வேண்டும் என்கின்றேன். அது நிற்கும்வரை அங்கே சிரித்தபடி எடுக்கப்படும் ஒவ்வொரு படமும் போரின் கடைசி நாளை மேலும் ஒரு நாள் நீட்டுகின்றது. இதனைச் சொல்லும்போதே நம்மை நாமே கேட்கவேண்டிய வினாவும் ஒன்றுண்டு: வென்றவர் நாமாக இருந்திருப்பின், நாம் எழுப்பியிருக்கக்கூடிய தூண் எத்தகையதாக இருந்திருக்கும்? கலியாணபுரத்துச் சிலையை நினைத்தபின் இவ்வினாவுக்கு விரைந்து விடை கூற எனக்குத் துணிவில்லை. கோவூர்கிழாரின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறையொன்று நம்மிடையே உருவாகுமாயின், அன்று துணிவு வரும்.

என் மருமகனுக்கு அன்று சொல்லாத விடையை இன்று சொல்லுகின்றேன். படம் எடுக்க வந்த இடத்திலேதான் பாடம் வேண்டும். பாடம் அறியாமல் எடுத்த படம் தூணை எழுப்பியவனின் படம், எடுத்தவனுடைய படமன்று.